முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும்

அன்பான அக்காமாருக்கும் அண்ணாமாருக்கும்,

வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிராம்டனிலோ ஏஜாக்ஸிலோ, இருவர் மட்டும் மிஞ்சிய வீட்டில், "வாற கோடைக்கு ஒரு ஆர்.வி. எடுத்துக்கொண்டு ரொக்கி மலைப்பக்கம் போவம்" என்ற பேச்சு எழுந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஒன்றையும் அண்ணா மனதுக்குள் பார்த்து வைத்திருக்கிறார். கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. விழும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு வேலை செய்து, நயாகராவையும் ஆயிரம் தீவுகளையும் தாண்டாமலே தலை நரைத்தவர்கள் நம்மில் ஏராளம். இந்த நாடு எவ்வளவு பெரியது என்று வரைபடத்தில் மட்டுமே தெரிந்தவர்கள்.

ஆனால் அந்தப் பேச்சு நடக்கிற விதம் எனக்கு மனவருத்தம் தருகிறது. வாகனம், பாதை, பெற்றோல் செலவு எல்லாம் ஆண்கள் இருக்கிற மேசையில் பேசப்படுகின்றன. பெண்கள் இருக்கிற மேசையில் மிளகாய்த்தூள் எவ்வளவு கொண்டுபோவது என்ற கணக்கு நடக்கிறது. கணவர் ஓட்டுவார், மனைவி பக்கத்தில் இருப்பார். மோட்டார் சைக்கிள் என்றால் பின்னால் இருப்பார். இதை யாரும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. கேட்காமலே தீர்மானமாகிவிட்டது. நானும் கணவருமாகப் பல கோடைகள் அந்த மலைகளில் அலைந்திருக்கிறோம். அந்த உரிமையில் சொல்கிறேன்: போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் இருவரும் இரண்டையும் ஓட்டப் பழகிக்கொண்டு போங்கள். முழங்கால் விடாது, முதுகு விடாது என்றால் மோட்டார் சைக்கிளை விடலாம். ஆர்.வி.யை இருவரும் ஓட்டத்தான் வேண்டும்.

ஏன் இரண்டு வாகனம் என்பதை முதலில் சொல்கிறேன். ஆர்.வி. வசிப்பதற்கு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் கூடவே வருவது நம் வயதில் பெரிய ஆறுதல். ஆனால் அந்த மலைகளின் மிக அழகான பாதைகளில் சில ஆர்.வி.க்கு இடங்கொடுப்பதில்லை. அமெரிக்கப் பக்கம், மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஊடறுத்துப் போகும் கோயிங் டு த சன் வீதி சுமார் 80 கிலோமீட்டர். அதன் மலைப்பகுதியில், அவலாஞ்ச் ஓடைக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையில், 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வாகனத்தை விடமாட்டார்கள். பம்பரும் பக்கக் கண்ணாடிகளும் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் ஆர்.வி.கள் பெரும்பாலும் அதைவிட நீளமானவை, அகலமானவை. உயரமும் இடிக்கும்: லோகன் கணவாயிலிருந்து மேற்கே இறங்கும்போது பாறை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் 10 அடிக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அங்கே சிக்கல். அதனால்தான் ஆர்.வி. பள்ளத்தாக்கில் நிற்க, மோட்டார் சைக்கிள் மலைக்குப் போகிறது.

அந்த வீதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. 1920களில் அதைத் திட்டமிட்டபோது ஒரு பொறியியலாளர் பதினைந்து கொண்டை ஊசி வளைவுகளோடு ஓடைப் பள்ளத்தாக்கு வழியே ஏற்றிவிடலாம் என்றார். தோமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளர் மறுத்தார். மலைச்சுவரை ஒட்டியே நீளமாகப் போய், ஒரேயொரு பெரிய வளைவோடு ஏறலாம் என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது. 1932இல் வேலை முடிந்தது, 1933 ஜூலையில் திறந்துவைத்தார்கள். லூப் என்று அழைக்கப்படும் அந்த ஒரு வளைவைத் தவிர மற்றதெல்லாம் மெதுவான ஏற்றம். புதிதாகப் பழகிய ஒரு பெண் நிதானமாக ஓட்டக்கூடிய மலைப்பாதை இது என்று துணிந்து சொல்வேன். பாதையில் பயப்பட வேண்டியது வளைவை அல்ல, வேடிக்கை பார்க்கத் திரும்பும் நம் தலையைத்தான். மோட்டார் சைக்கிள் நாம் பார்க்கிற பக்கம்தான் போகும். பார்க்கவேண்டும் என்றால் ஒதுங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

சென்ட் மேரி ஏரிப்பக்கம் ஆர்.வி.யை நிறுத்திவிட்டு விடியற்காலையில் புறப்பட்டால், கூட்டம் சேருமுன் லோகன் கணவாயை அடைந்துவிடலாம். உயரம் 6,646 அடி. ஜூலையிலும் கணவாய்க்குக் கிழக்கே சாலையோரத்தில் பனிச்சுவர் நிற்கும். பிக் டிரிஃப்ட் என்று சொல்லப்படும் அந்த இடத்தில் வசந்தத்தில் எண்பது அடி வரை பனி குவிந்து கிடக்கும். அதை வெட்டி எடுத்துத்தான் பாதையைத் திறக்கிறார்கள், ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ. கணவாயைத் தாண்டி மேற்கே இறங்கும்போது மலைச்சுவர் வலப்பக்கம் வரும். அழும் சுவர் என்ற இடத்தில் உருகும் பனிநீர் பாறை முழுக்க வழிந்து தோளில் தெறிக்கும். ஹெல்மெட்டுக்குள் ஈரமண் வாசனை வரும். கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் இருந்து அந்த வாசனையை யாரும் அறிந்ததில்லை.

கிளேசியர் பூங்காவில் 1966இல் பெயரிட்ட பனியாறுகள் 35 இருந்தன. 2015இல் அளந்தபோது பனியாறு என்று சொல்லத் தகுந்த அளவில் 26தான் மிஞ்சின. பேரப்பிள்ளைகள் வளர்ந்த பிறகு எல்லாரும் சேர்ந்து போவோம் என்று காத்திருக்கிறவர்கள் இந்த எண்களை யோசிக்கவேண்டும்.

இனி, ஏன் இருவரும். முதற் காரணம் வெறும் நடைமுறை. ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர் அளவில் வரும். சுப்பீரியர் ஏரியின் வடகரையையும் சமவெளிகளையும் ஓட்டிக் கடப்பதும் ஓர் அனுபவம்தான், நேரம் உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் கல்கரிக்குப் பறந்துபோய் அங்கே வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை ஆர்.வி.யின் பின்னால் டிரெயிலர் கட்டி இழுக்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். அப்படியென்றால் மோட்டார் சைக்கிளைத் தனியாக வாடகைக்கு எடுத்து, ஒருவர் அதில் போக மற்றவர் ஆர்.வி.யை ஓட்டிவரவேண்டும். அக்காவுக்கு ஆர்.வி. ஓட்டத் தெரியாவிட்டால் அந்தப் பயணமே இல்லை. சொந்த ஆர்.வி.யும் டிரெயிலரும் இருந்தால் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகலாம். முன்சக்கரத்தைத் தாங்கியில் நிறுத்தி, நான்கு பட்டிகளால் இறுக்கி, முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டிகளை மீண்டும் சரிபார்க்கவேண்டும். நாங்கள் கொண்டுபோவது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன். இருநூறு கிலோவுக்குச் சற்றே குறைவு, இருவர் சேர்ந்தால் தள்ளி ஏற்றிவிடலாம். சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவான அந்த இயந்திரம் ரொக்கி மலையில் ஏறும்போது எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. நானூறு கிலோவை நெருங்கும் பெரிய வண்டிகளை வாங்கிவிட்டு அசைக்க முடியாமல் நிற்கும் நண்பர்களுக்கும் இலேசான வண்டியே போதும் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது காரணம் தனிமை. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்குப் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே 230 கிலோமீட்டர். 1930களின் பெருமந்த காலத்தில் வேலையற்றவர்களுக்கு வேலை கொடுக்கவென்று வெட்டத் தொடங்கிய பாதை, 1940இல் திறந்தது. அந்தத் தூரம் முழுவதற்கும் பெற்றோல் கிடைக்கும் இடம் சஸ்காச்சுவான் ரிவர் குரொஸிங் ஒன்றுதான், அதுவும் கோடைப் பருவத்தில். கைத்தொலைபேசிக்கு வழியில் பெரும்பாலும் சமிக்ஞை கிடையாது. அங்கே ஓட்டுகிறவருக்கு நெஞ்சு அடைத்தாலோ, மயக்கம் வந்தாலோ, தேத்தண்ணி போடும்போது கை சுட்டாலோ, பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்வார்? நம் சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத ஐம்பத்தைந்து வயது ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இதைச் சொல்லும்போது அண்ணாமார் முகம் சுளிப்பார்கள், தெரியும். சுளியுங்கள், ஆனால் சாவியைக் கொடுங்கள்.

மூன்றாவது காரணம் ஜாஸ்பர். 2024 ஜூலை 22 இரவு, காட்டுத்தீ நெருங்குகிறது என்று அந்த ஊரையும் பூங்காவையும் காலிசெய்யச் சொன்னார்கள். ஊர்மக்களும் சுற்றுலாப் பயணிகளுமாக ஏறத்தாழ 25,000 பேர். மற்றப் பக்கங்களில் தீ மறித்ததால், எல்லாரும் 16ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா நோக்கி, புகைக்குள்ளும் இருட்டுக்குள்ளும் வரிசையாகப் போனார்கள். இரண்டு நாளில் தீ ஊருக்குள் புகுந்து கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது. கோடை விடுமுறையின் உச்சநாட்கள், கேம்ப்கிரவுண்டுகள் ஆர்.வி.களால் நிறைந்திருந்த நேரம். அப்படியொரு இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து, ஒருவர் மோட்டார் சைக்கிளையும் மற்றவர் ஆர்.வி.யையும் எடுத்துக்கொண்டு வரிசையில் சேரவேண்டி வந்தால் உங்களால் முடியுமா? இந்தக் கேள்வியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் இருந்து பேசுங்கள். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அங்கே புகை இப்போது வழமையாகிவிட்டது. தாங்கியில் பாதிக்குக் கீழே பெற்றோல் இறங்க விடாதீர்கள். ஆர்.வி.யை எப்போதும் மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். ஈரத்துணி, முகக்கவசம், மருந்துப்பை, கடவுச்சீட்டு எல்லாம் கதவுக்கருகில் ஒரே பையில் இருக்கட்டும். ஊரைவிட்டு ஓடத் தெரிந்த சனம் நாங்கள். இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"இவவுக்கு உது சரிவராது, பயம்" என்கிற அண்ணாமாரோடும், "எனக்கு உது ஏன், அவர் ஓட்டட்டும்" என்கிற அக்காமாரோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அக்கா, நீங்கள் பனிக்காலத்தில் விடிய நாலு மணிக்கு 401இல் வேலைக்கு ஓட்டிப்போனவர். இந்தக் கண்டத்திலேயே நெரிசல் மிகுந்த நெடுஞ்சாலைகளில் ஒன்று அது. ஒன்ராறியோவின் சாதாரண ஜி அனுமதிப்பத்திரமே 11,000 கிலோ வரையுள்ள வாகனத்துக்குப் போதும், வாடகைக்குக் கிடைக்கும் ஆர்.வி.கள் வழமையாக அதைத் தாண்டுவதில்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஏற்கெனவே ஆர்.வி. சாரதிதான்.

மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் பழைய பாத்தியதை உண்டு. ரியூசனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாழ்ப்பாணத்துக் கல்லொழுங்கைகளில் சைக்கிளில் பறந்தவர்கள் நீங்கள். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல், மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் இயக்கிக்கொண்டிருந்த காலத்தில், அரிசி மூட்டையையும் விறகையும் வயதானவர்களையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு செம்மண்ணிலும் மணலிலும் மிதித்தவர்கள் நம் பெண்கள். இரண்டு சக்கரத்தில் சமநிலை என்பது அந்தக் கால்களுக்குள் இப்போதும் இருக்கிறது. கிளட்சையும் கியரையும் ஒரு வார இறுதிப் பயிற்சி வகுப்பில் கற்றுத்தருவார்கள். முதலில் எழுத்துப் பரீட்சை எழுதி எம்1 அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். அது 90 நாளுக்குத்தான் செல்லும். பகல் வெளிச்சத்தில் மட்டும் ஓடலாம், பின்னால் யாரையும் ஏற்ற முடியாது, பெருநெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது. அதற்குள் ஓட்டுப் பரீட்சையில் தேறினால் எம்2. எம்2 கையில் வந்ததும் மலைக்கு ஓடாதீர்கள். ஒரு முழுக் கோடை ஒன்ராறியோவின் கிராமப் பாதைகளில் பழகுங்கள். கலெடன் பக்கம் ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் வீதியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வாரநாள் காலையில் ஆள்நடமாட்டம் இல்லாத நேரத்தில் அதை ஏறி இறங்கிப் பாருங்கள். நான் அங்கேதான் வளைவுகளைப் படித்தேன். கணவர் வீதியோரத்தில் நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி. அண்ணாமாரே, மனைவிக்கு நீங்களே கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். பயிற்றுநருக்குப் பணம் கட்டுங்கள்.

ஜாஸ்பருக்கு அருகில் மலீன் ஏரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். மேரி ஷாஃபர் என்று பெயர். பிலடெல்பியாக்காரி. கணவர் சார்ள்ஸ் மருத்துவர், மலைத் தாவரங்களில் ஈடுபாடு கொண்டவர். இருவரும் கோடைதோறும் ரயிலில் கனேடிய ரொக்கிக்கு வருவார்கள். கணவருக்கு உடல்நலம் போதாது, அதனால் ரயில்பாதைக்கு அருகிலேயே தங்குவார்கள்; அவர் செடிகளைச் சேகரிப்பார், மேரி அவற்றைப் படம் வரைவார், நிழற்படம் எடுப்பார். 1903இல் கணவர் இறந்துபோனார். அரைகுறையாக நின்ற அவருடைய தாவர நூலை முடிப்பதற்காக மேரி மீண்டும் மலைக்கு வந்தார். இந்த முறை ரயில்பாதை போதவில்லை. குதிரையில் நாட்கணக்காகப் போகவும், கூடாரத்தில் உறங்கவும், காட்டாறுகளைக் கடக்கவும் நாற்பதைத் தாண்டிய வயதில் கற்றுக்கொண்டார். நூல் 1907இல் வெளிவந்தது. அதோடு அவர் நின்றுவிடவில்லை. ஸ்டோனி நகோடா இனத்தைச் சேர்ந்த சாம்சன் பீவர் என்பவர் சிறுவனாகத் தகப்பனோடு போன ஓர் ஏரியை நினைவிலிருந்து தாளில் வரைந்துகொடுக்க, அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு 1908இல் மேரியின் குழு மலீன் ஏரியைச் சென்றடைந்தது. சில வருடங்கள் கழித்து அரசாங்கமே அந்த ஏரியை அளந்து தரும்படி அவரைக் கேட்டது. பிறகு பான்ஃபில் குடியேறி 1939இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

அந்தக் கதை எனக்கு மனவலியும் தருகிறது. அவர் மலைக்குள் போகக் கற்றது கணவரை இழந்த பிறகு. கணவரும் கூட இருந்தபோதே கற்றிருந்தால், அவரால் எட்டமுடியாத உயரங்களின் பூக்களை மேரி கொண்டுவந்து கையில் கொடுத்திருப்பார். நம் வீடுகளிலும் பல அக்காமார் வங்கிக் கணக்கையும் வரிக் கடிதங்களையும் கணவரின் இறுதிச் சடங்கு முடிந்த கிழமைதான் முதன்முதலில் பிரித்துப் பார்த்தார்கள். வாகனமும் அப்படி ஆகவேண்டாம்.

மலையில் ஆர்.வி. ஓட்டுவதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. ஏற்றத்தைவிட இறக்கம்தான் கவனம் கேட்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்க விடுங்கள். இஞ்சின் உறுமும். உறுமட்டும், அது கெட்டுப்போகாது. சன்வப்தா கணவாயிலிருந்து தெற்கே பெரிய வளைவுக்கு இறங்கும் இடத்தில் இதை நன்றாக உணர்வீர்கள். பின்னால் கார்கள் சேர்ந்தால் ஒதுங்கும் இடத்தில் விட்டுக்கொடுங்கள். ஓடும்போது புரோபேன் வாயுவைப் பூட்டிவையுங்கள்.

இரண்டு வாகனமாகப் போகும்போது மோட்டார் சைக்கிள் முன்னால், ஆர்.வி. பின்னால். பின்னால் நெருக்கிவரும் வாகனங்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் ஆர்.வி. ஒரு மதிலாக நிற்கும். ஹெல்மெட் பேசுகருவி மலை வளைவுகளுக்குள் அடிக்கடி அறுந்துபோகும், அதை நம்பியிருக்கவேண்டாம். அடுத்து நிற்கும் இடம் எது என்று ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி முடிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள். மாலை மங்கும்போது மான்களும் எல்க்குகளும் வீதிக்கு வரும். அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடவேண்டும்.

காற்று இன்னொரு விடயம். அல்பேர்ட்டாவின் தென்மேற்கு மூலையில், பின்சர் கிரீக் பக்கம், மலையிலிருந்து இறங்கும் காற்று ஆர்.வி.யையே பக்கவாட்டில் தள்ளும். கனடாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை 1993இல் அந்த வட்டாரத்தில்தான் எழுந்தது என்பதிலிருந்தே அதன் பலத்தைப் புரிந்துகொள்ளலாம். அங்கே காலையில் ஓட்டுங்கள். காற்று ஏறிவிட்டால் நிறுத்திவிட்டுச் சமையுங்கள். அங்கிருந்து 3ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பாதையின் இருபக்கமும் வீட்டளவு பாறைகள் சிதறிக் கிடக்கும். 1903 ஏப்ரல் 29 விடியற்காலையில் டேர்ட்டில் மலையின் ஒரு பகுதி சரிந்து, ஃபிராங்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரின் ஓரத்தை இரண்டு நிமிடத்துக்குள் மூடிவிட்டது. தொண்ணூறு பேரளவில் உறக்கத்திலேயே போனார்கள், பெரும்பாலானோர் இன்னும் அந்தப் பாறைகளுக்குக் கீழே இருக்கிறார்கள். அங்கே மெதுவாகப் போங்கள்.

சமையலைப் பற்றி நான் சொல்லாவிட்டால் அக்காமார் கோபிப்பார்கள். ஆர்.வி.க்குள் சோறும் கறியும் தாராளமாக ஆகும். மீன்குழம்பும் ஆகும். ஆனால் சட்டியை வெளியே மேசையில் வைத்துவிட்டு ஏரி பார்க்கப் போகக்கூடாது. எண்ணெய், எச்சில் தட்டு, நாயின் உணவு, கோப்பி வடித்த சக்கை எதுவும் வெளியில் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மனிதச் சாப்பாட்டை ருசி பார்த்த கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுடவேண்டி வரும். நம் குழம்பால் ஒரு கரடி சாகவேண்டாம். கரடியிடமிருந்து 100 மீட்டர், மானிடமிருந்தும் மலையாட்டிடமிருந்தும் 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கரடி ஸ்பிறே இருவர் இடுப்பிலும் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில்தான் கரடி வரும்.

பின் இருக்கையை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஓட்டத் தெரிந்த பிறகு பின்னால் இருப்பது வேறொரு சுகம். வளைவில் ஓட்டுகிறவரோடு சேர்ந்து உடம்பு சாயும், பயந்து எதிர்ப்பக்கம் நிமிராது. கல்கரிக்குத் தென்மேற்கே 40ஆம் நெடுஞ்சாலையில் ஹைவுட் கணவாய் இருக்கிறது. 2,206 மீட்டர், கனடாவில் தார்போட்ட கணவாய்களில் இதுதான் மிக உயரம். காட்டுவிலங்குகளுக்காக டிசம்பர் முதலாம் திகதி மூடி, ஜூன் 15தான் திறப்பார்கள். செப்டம்பர் கடைசியில் அங்கே லார்ச் மரங்கள் ஊசியிலை மஞ்சளாகி நிற்கும். அந்தப் பாதையில் கணவர் என்னைப் பின்னால் வைத்து ஓட்டியிருக்கிறார், நானும் அவரைப் பின்னால் வைத்து ஓட்டியிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் மரங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். அத்தனை வருடம் முன்னால் இருந்து ஓட்டியதில் தாம் மலையைப் பார்த்ததே இல்லை என்று இறங்கும்போது சொன்னார். அண்ணாமாரே, நீங்களும் பார்க்கவேண்டாமா?

பிள்ளைகள் பயப்படுவார்கள். அவர்களுக்குப் பாதையை எழுதிக் கொடுங்கள், சமிக்ஞை கிடைக்கும் ஊர்களில் அழைப்பதாகச் சொல்லுங்கள். அமெரிக்கப் பக்கம் போவதென்றால் பயணக் காப்புறுதி எடுங்கள். அதில் மோட்டார் சைக்கிள் விபத்தும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோல் அங்கி, கையுறை, கணுக்கால் மூடும் சப்பாத்து ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கவேண்டாம். மொன்டானாவில் வயதுவந்தவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்று யாராவது சொன்னால், அது உண்மைதான், ஆனாலும் போடுங்கள்.

இனி, முன்பதிவுகள். லேக் லூயிஸ் பக்கமுள்ள மொரெய்ன் ஏரிக்கு 2023இலிருந்து தனியார் வாகனங்களை விடுவதில்லை, மோட்டார் சைக்கிளும் அதில் அடக்கம். ஷட்டில் பஸ்ஸில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்டுகளுக்கான முன்பதிவு ஆண்டுத் தொடக்கத்திலேயே திறக்கும். நல்ல இடங்கள் விரைவில் போய்விடும். பான்ஃபில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் டனல் மௌண்டனைப் பாருங்கள். அதன்பிறகு வாடகைப் பத்திரம் வரும். அதில் சாரதி என்ற இடத்தில் ஒரு பெயருக்கு மட்டும் கோடு இருக்கும். இரண்டாவது சாரதியைச் சேர்க்க மேலதிகப் பணம் கேட்கவும் கூடும். கேட்டதைக் கொடுத்து, அக்காவின் பெயரை அவருடைய கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
ஸ்காபரோ